பூமிக்கடியில் சுவர் கட்டினால் போதுமா?

(மூன்றாம் ஆண்டு, சிவில் பிரிவு)



புட்டுத் திருவிழாவைப் பற்றி மதுரைக்காரர்களுக்கு நான் சொல்லித் தெரிய வேண்டியதில்லை. ஆவணி மூலத்தன்று புட்டுத்தோப்புப் பக்கம் போகாதவர்கள் நம்மில் குறைவு. வைகையில் வெள்ளம் வந்து கரை உடைந்தபோது, வீட்டுக்கு இவ்வளவு என்று பாண்டியன் கரையை அளந்து கொடுத்தான். வந்திக் கிழவிக்கு ஆள் இல்லை. உதிர்ந்த புட்டைக் கூலியாக வாங்கித் தின்ற சொக்கநாதர் வேலை செய்யாமல் தூங்கிவிட்டார். மற்றவர் பங்கெல்லாம் அடைபட்டது. வந்தியின் பங்கு மட்டும் திறந்தே கிடந்தது. எல்லோரும் பிரம்படியைத்தான் சொல்வார்கள். சிவில் படிக்க ஆரம்பித்த பிறகு எனக்கு அந்த அடைபடாத பங்குதான் நினைவில் நிற்கிறது. ஊரே கூடிக் கரை கட்டினாலும், விட்டுப்போன நாலு முழத்தின் வழியாகத் தண்ணீர் போய்விடும். மேலே ஓடும் ஆற்றுக்கு மட்டுமல்ல, பூமிக்கடியில் நம் கண்ணில் படாமல் போய்க்கொண்டிருக்கும் தண்ணீருக்கும் இதே சட்டம்தான்.

இதை எழுதத் தூண்டியது போன வருஷம் ஒரு கருத்தரங்கில் கேட்ட பேச்சு. நிலத்தடி நீர் மாசுபட்ட இடத்தைச் சுற்றிப் பூமிக்கடியில் ஒரு சுவரை இறக்கிவிட்டால் விஷம் வெளியே போகாது, கம்ப்யூட்டரில் மாடல் போட்டுப் பார்த்தாயிற்று, பிரச்சினை தீர்ந்தது என்று ஒருவர் கலர் கலராகப் படம் போட்டுக் காட்டினார். நீல நிறத்தில் அம்புக்குறிகள் அழகாக வளைந்து போயின. எல்லோரும் கை தட்டினோம். நானும் தட்டினேன். வீட்டுக்குப் போய் அப்பாவிடம் பெருமையாகச் சொன்னேன். என் அப்பா கிணறு வெட்டுகிறவர். உசிலம்பட்டி, திருமங்கலம், வத்தலக்குண்டு, திண்டுக்கல் என்று இந்தச் சுற்று வட்டாரத்தில் அவர் கடப்பாரை படாத மண் குறைவு. பள்ளிக்கூடம் போகாதவர். பொறுமையாகக் கேட்டுவிட்டு ஒரே ஒரு கேள்வி கேட்டார்:

"அது சரி, சுவருக்கு அடியில என்ன இருக்கு?"

"பாறைப்பா."

"பாறையில வெடிப்பு இருக்காதாக்கும்?"

எனக்குப் பதில் தெரியவில்லை. அந்தப் பதிலைத் தேடிப் போனதில் நான் தெரிந்துகொண்டதையும், அதிலிருந்து எனக்குத் தோன்றிய அபிப்பிராயத்தையும்தான் இந்த மலரில் உங்கள் முன் வைக்கிறேன்.

முதலில், இது நமக்குச் சம்பந்தமில்லாத வெளிநாட்டு விஷயம் என்று யாரும் நினைக்க வேண்டாம். மதுரையிலிருந்து ஒன்றரை மணி நேரம் பஸ்ஸில் போனால் திண்டுக்கல். பூட்டுக்குப் பேர்போன ஊர். தோலுக்கும் பேர்போன ஊர். தோல் பதனிடும் தொழிற்சாலைகளால் பாழான நிலத்தடி நீர் பற்றிய வழக்கில் 1996-ம் ஆண்டு ஆகஸ்ட் 28-ம் தேதி உச்ச நீதிமன்றம் ஒரு தீர்ப்புச் சொன்னது. வேலூர் குடிமக்கள் நல மன்றம் தொடுத்த வழக்கு அது. நஞ்சாக்கியவனே செலவை ஏற்க வேண்டும் என்ற கொள்கை நம் நாட்டுச் சட்டத்தின் பகுதி என்று அந்தத் தீர்ப்பு உறுதிப்படுத்தியது. அதில் திண்டுக்கல், ரெட்டியார்சத்திரம் ஒன்றியங்களைச் சேர்ந்த 13 கிராமங்களில் ஒரு தொண்டு நிறுவனம் எடுத்த கணக்கும் வருகிறது. குடிக்கவும் பாசனத்துக்கும் பயன்பட்ட 467 கிணறுகளில் 350 கிணறுகள் கெட்டுப்போயிருந்தன. நாலில் மூன்று! தமிழகத்தின் தோல் தொழில் வட்டாரங்களில் சுமார் 35,000 ஹெக்டேர் விளைநிலம் பகுதியாகவோ முழுவதுமாகவோ சாகுபடிக்கு லாயக்கற்றுப் போனதாகவும் அதே தீர்ப்பில் இருக்கிறது.

அந்தப் பக்கத்துக் கிணறு ஒன்றை அப்பா வெட்டியிருக்கிறார். நான் பிறப்பதற்கு முந்திய கதை. முப்பது அடியில் ஊற்றுக்கண் திறந்தது. கிணற்றுக்காரர் தேங்காய் உடைத்து, சூடம் காட்டி, முதல் வாளித் தண்ணீரை வாயில் ஊற்றினார். அப்படியே துப்பினார். கடல் தண்ணீர் மாதிரி உப்பு. பக்கத்தில் இருந்த தொழிற்சாலை அதற்கும் முன்பே மூடிக் கிடந்ததாம். வெட்டிய கூலியில் பாதிதான் வந்தது. அப்பாவுக்கு அவர் மேல் கோபம் இல்லை. "அவரு எங்க போவாரு, பாவம்" என்றுதான் இன்றைக்கும் சொல்வார்.

ஆலை மூடிய பிறகும் ஏன் தண்ணீர் கெட்டுக்கொண்டே போகிறது? இதற்குப் பதில் 1856-ம் வருஷமே கிடைத்துவிட்டது. பிரான்சில் டிஜோன் என்ற ஊருக்குக் குடிநீர்க் குழாய் போட்ட இன்ஜினீயர் ஹென்றி டார்சி, ஒரு குழாயில் மணலை அடைத்துத் தண்ணீர் விட்டுப் பார்த்தார். இந்த முனைக்கும் அந்த முனைக்கும் உள்ள நீர்மட்ட வித்தியாசம் எவ்வளவோ, அதற்குத் தக்கபடிதான் தண்ணீர் போகிறது. தூரம் கூடினால் அதற்குத் தக்கபடி குறைகிறது என்று கண்டார். நாம் இரண்டாம் வருஷத்தில் மனப்பாடம் செய்து, பரீட்சை முடிந்ததும் மறந்துபோன டார்சி விதி இதுதான். மண்ணின் ஊடுருவு திறனை நீர்மட்டச் சரிவால் பெருக்கி, மண்ணிலுள்ள இடைவெளியின் பங்கால் வகுத்தால் தண்ணீர் நகரும் வேகம் வரும்.

ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். மணல் பாங்கான இடம், ஊடுருவு திறன் நாளைக்கு 10 மீட்டர். நீர்மட்டச் சரிவு 500 மீட்டருக்கு 1 மீட்டர். மண்ணில் கால்வாசி இடைவெளி. பெருக்கி வகுத்தால் நாளைக்கு 8 செ.மீ. வருகிறது. எறும்பே ஓரமாக வழிவிட்டு நிற்க வேண்டிய வேகம்! ஆனால் வருஷத்துக்கு 29 மீட்டர் ஆகிறது. பத்து வருஷத்தில் ஏறத்தாழ 300 மீட்டர். ஆலை முதலாளி பூட்டுப் போட்டுவிட்டுப் போய்விடலாம்; அவர் விட்டுப்போன தண்ணீர் அடுத்த தலைமுறையின் கிணற்றுக்கு மெதுவாக நடந்து வந்துகொண்டே இருக்கும்.

ராணிப்பேட்டையில் நடந்தது இதைவிட மோசம். தமிழ்நாடு குரோமேட்ஸ் அண்டு கெமிக்கல்ஸ் என்ற நிறுவனம் குரோமிய உப்புகள் தயாரித்தது. 1990-களின் நடுவில் மூடப்பட்டது. 2 லட்சம் டன்னுக்கு மேல் குரோமியக் கழிவு வெட்டவெளியில் குவிந்து கிடந்தது. மழை பெய்தால் மஞ்சள் நிறத்தில் கரைந்து பூமிக்குள் இறங்கும். உலகத்திலேயே மிக மோசமாக மாசுபட்ட பத்து இடங்கள் என்று 2006-ல் அமெரிக்காவின் பிளாக்ஸ்மித் நிறுவனம் வெளியிட்ட பட்டியலில் ராணிப்பேட்டையும் இருந்தது. உலகப் பட்டியலில் நம் ஊர் பெயர் இப்படியா வர வேண்டும்?

இந்த மாதிரி இடங்களுக்குத்தான் பூமிக்கடியில் சுவர் என்ற யோசனை. இது சும்மா சொல்லும் யோசனை அல்ல, நல்ல யோசனைதான். இதில் இரண்டு ஜாதி இருக்கிறது. ஒன்று, அடைக்கும் சுவர். ஆழமாகப் பள்ளம் தோண்டி, பென்டோனைட் களிமண்ணைக் குழைத்து நிரப்பித் தண்ணீரை மறிப்பது. மற்றது, வடிகட்டும் சுவர். இது தண்ணீரை மறிப்பதில்லை. உள்ளே விட்டு, சுத்தம் செய்து, அந்தப் பக்கம் அனுப்பிவிடும். அமெரிக்காவில் வட கரோலினா மாநிலத்தில் எலிசபெத் சிட்டி என்ற ஊரில் கடலோரக் காவல் படையின் தளம் இருக்கிறது. அங்கே குரோமிய முலாம் பூசும் பழைய பட்டறை ஒன்றிலிருந்து விஷம் இறங்கி, பக்கத்து ஆற்றை நோக்கிப் போய்க்கொண்டிருந்தது. 1996-ம் வருஷம் 46 மீட்டர் நீளம், 7.3 மீட்டர் ஆழம், 60 செ.மீ. அகலத்தில் பள்ளம் எடுத்து 450 டன் இரும்புத் துகளைப் போட்டு நிரப்பினார்கள். வேறொன்றும் இல்லை, வெறும் இரும்பு! கரைந்து வரும் ஆறு இணைதிறன் குரோமியம் இரும்பில் பட்டதும் மூன்று இணைதிறனாக மாறி, கரையாத வண்டலாக அங்கேயே படிந்துவிடும். மோட்டார் வேண்டாம், கரன்ட் வேண்டாம். தண்ணீர் தானாக வந்து தானாகச் சுத்தமாகிப் போகிறது. திண்டுக்கல்லில் கோர்ட் தீர்ப்பு வந்த அதே வருஷம் அங்கே சுவரே இறங்கிவிட்டது என்பதைக் கவனியுங்கள்.

இரண்டையும் கலந்தும் கட்டுவார்கள். இரண்டு பக்கமும் அடைக்கும் சுவரைப் புனல் மாதிரி விரித்து வைத்து, நடுவில் ஒரு வாசல் விட்டு, வாசலில் மட்டும் இரும்பை நிரப்புவது. இரும்புச் செலவு மிச்சம். நம்ம ஊரில் மீன் பிடிக்கிறவர்கள் ஓடையின் இரண்டு பக்கமும் மண்ணை அணைத்து, நடுவில் கூடையை வைப்பார்களே, அதே சங்கதிதான். ஆனால் இங்கேதான் வில்லங்கம் ஆரம்பிக்கிறது. வாசலைப் போல் நாலு மடங்கு அகலத்துத் தண்ணீர் அந்த ஒரு வாசலுக்குள் நுழைந்தால் வேகமும் நாலு மடங்காகும். மேலே போட்ட கணக்கில் நாளைக்கு 8 செ.மீ. என்றால் 60 செ.மீ. இரும்பைக் கடக்க ஏழரை நாள். நாலு மடங்கு வேகத்தில் இரண்டு நாள்கூட இல்லை. விஷம் முழுவதும் முறிவதற்கு முன்பே தண்ணீர் வாசலைத் தாண்டிவிடலாம். வாசலைச் சின்னதாக வைத்தாலோ, தண்ணீர் வாசலுக்கே வராமல் புனலின் ஓரத்தைச் சுற்றிக்கொண்டு போய்விடும். எவ்வளவு விரிக்கலாம், எங்கே வாசல் வைக்கலாம் என்பதைக் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. அதனால்தான் மாடல்.

மாடல் என்றதும் ஏதோ ராக்கெட் விடுகிற விஷயம் என்று நானும் பயந்தேன். அமெரிக்கப் புவியியல் ஆய்வுத் துறை 1980-களில் எழுதிய மோட்ஃப்ளோ என்ற புரோகிராமைத்தான் உலகம் முழுவதும் இதற்குப் பயன்படுத்துகிறார்கள். காசு வாங்காமல் கொடுக்கிறார்கள். ஐதராபாத்தில் இருக்கும் தேசியப் புவி இயற்பியல் ஆய்வு நிறுவனத்து விஞ்ஞானிகள் நம்ம திண்டுக்கல் தோல் பதனிடும் பகுதியையே, கொடகனாற்றின் மேல் படுகையை, இதில் மாடல் போட்டு ஆராய்ந்திருக்கிறார்கள். அதன் உள்ளே இருக்கும் கணக்கின் வேர் என்ன தெரியுமா? ஒரே மாதிரியான மண்ணாக இருந்தால், ஒரு கட்டத்தின் நீர்மட்டம் அதைச் சுற்றியுள்ள நாலு கட்டங்களின் நீர்மட்டங்களுடைய சராசரி. அவ்வளவுதான். கூட்டி நாலால் வகுக்கத் தெரிந்தவர்கள் யாரும் போடலாம்.

நான் நம்ம லேப்பில் எக்ஸெலில் போட்டேன். குறுக்கே 40 கட்டம், நெடுக்கே 20 கட்டம். இடது ஓரம் முழுவதும் 100 மீட்டர், வலது ஓரம் முழுவதும் 98 மீட்டர். நடுவில் உள்ள ஒவ்வொரு கட்டத்திலும் நாலு பக்கத்துச் சராசரி. முதலில் தப்பு என்று சிவப்பாகக் கத்தியது. ஒரு கட்டம் அடுத்ததைக் கேட்க, அது திரும்ப இதைக் கேட்க, சுற்றிச் சுற்றி வருகிறதே! செட்டிங்கில் போய்த் திரும்பத் திரும்பக் கணக்குப் போடும்படி ஒரு டிக் அடித்தால் போதும், ஓடுகிறது. சுவர் இல்லாதபோது நீர்மட்டம் இடமிருந்து வலமாகப் படிப்படியாக இறங்கியது. பிறகு நடு நெடுவரிசையில் பத்துக் கட்டத்தைச் சுவராக ஆக்கினேன். சுவரை ஒட்டிய கட்டங்களுக்குச் சராசரி எடுக்கும்போது சுவரைச் சேர்க்காமல் மீதி மூன்றை மட்டும் எடுக்க வேண்டும். அதுதான் தண்ணீர் நுழையாத சுவர்.

நண்பர்களே, சுவர் தண்ணீரை நிறுத்தவில்லை! சுவருக்கு முன்னால் மட்டம் ஏறியது, பின்னால் இறங்கியது. சுவர் முடிகிற முனையில் மட்டக்கோடுகள் நெருக்கியடித்துக்கொண்டு நின்றன. மற்ற இடத்தைவிட அங்கேதான் தண்ணீர் வேகமாகப் போகிறது என்று அர்த்தம். சுவர் இல்லாமல் இருந்தபோது நிம்மதியாக இருந்த அந்த முனைக்கட்டத்தில் ஒருவருடைய கிணறு இருந்தால்? அதுதான் வந்தியின் பங்கு. லேப் உதவியாளர் அண்ணன் நேரமாகிவிட்டது, மூடப் போகிறேன் என்று சொல்லும்வரை அந்த ஒரு கட்டத்தையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

கருத்தரங்கில் பேசியவர் சுவரைச் சுற்றிலும் மூடிவிடலாம் என்றார். மூடலாம். மேலே பெய்யும் மழை எங்கே போகும்? உள்ளேயே நிரம்பி வழியும், அல்லது அடியில் வழி தேடும். ஜப்பானில் புகுஷிமா அணு உலைகளைச் சுற்றி மண்ணையே உறைய வைத்துப் பனிக்கட்டிச் சுவர் எழுப்பினார்கள். சுற்றளவு ஒன்றரைக் கிலோமீட்டர், ஆழம் 30 மீட்டர். 2016 மார்ச்சில் உறைய வைக்கத் தொடங்கினார்கள். உள்ளே வரும் தண்ணீர் குறைந்தது, நிற்கவில்லை. சுற்றிலும் கிணறு தோண்டி இறைத்துக்கொண்டேதான் இருக்க வேண்டியிருந்தது. அவ்வளவு பணமும் படிப்பும் உள்ள நாட்டின் கதை இது.

இப்போது அப்பாவின் கேள்விக்கு வருகிறேன். புத்தகத்தில் சுவரின் அடி, தண்ணீர் புகாத ஒரு களிமண் படுகையில் போய் நன்றாக ஊன்றி நிற்கும். படமும் அப்படித்தான் இருக்கும். நம்ம மதுரைச் சமவெளியில் எங்கே அந்தக் களிமண்? மேலே செம்மண்ணோ கரிசலோ கொஞ்சம், அப்புறம் சுக்கான், அப்புறம் உதிர்ந்த பாறை, சரளை, அதற்கும் கீழே கட்டிப் பாறை. அந்தப் பாறை கட்டிதான், ஆனால் வெடித்த கட்டி. அப்பா சொல்வார்: "ஒரே கிணத்துல கிழக்க ஒரு சொட்டு இருக்காது, மேக்க ஒரு இடுக்குல இருந்து கை மொத்தத்துக்குக் கொட்டும்." கிணற்றுக்குள் இறங்கிப் பக்கவாட்டில் சைடு போர் போடுகிறார்களே, எதற்கு? எங்கேயோ ஓடும் ஒரு வெடிப்பைப் போய்த் தொடுவதற்குத்தான். தொட்டால் யோகம், இல்லாவிட்டால் கடன்.

அந்த வெடிப்புக்கும் ஒரு கணக்குப் போட்டேன். பாறையின் ஊடுருவு திறன் மணலில் பத்தில் ஒரு பங்கு, நாளைக்கு 1 மீட்டர் என்று வைத்துக்கொள்வோம். சரிவு 200 மீட்டருக்கு 1 மீட்டர். ஆனால் இடைவெளி கால்வாசி அல்ல, நூற்றில் ஒரு பங்குதான். ஏனென்றால் வெடிப்பு மட்டும்தான் இடம். வேகம் நாளைக்கு அரை மீட்டர்! வருஷத்துக்கு 180 மீட்டருக்கும் மேல். குறைவாகத் தண்ணீர் விடும் பாறை, விஷத்தை மணலைவிட வேகமாகக் கொண்டு போய்விடுகிறது. ராத்திரி மாட்டுத்தாவணிக்கு வருகிற டவுன் பஸ் மாதிரி. கூட்டம் இல்லை, ஆனால் சீக்கிரம் போய்விடும். எங்கே ஏறி எங்கே இறங்கும் என்பதும் சராசரி எடுத்தால் தெரியாது. கட்டத்துக்குக் கட்டம் ஒரே மண் என்று நினைத்துப் போடுகிற மாடல் இங்கே பொய் சொல்லும். அழகாகக் கலரில் பொய் சொல்லும்.

இன்னொரு விஷயத்தையும் அந்தக் கருத்தரங்கில் யாரும் கேட்கவில்லை. எதை வடிகட்டப் போகிறோம்? இரும்புச் சுவர் குரோமியத்தைப் பிடிக்கும். தோல் கெடாமலிருக்கச் சாக்குச் சாக்காகப் போடுகிறார்களே உப்பு, அதைப் பிடிக்காது. நம்ம சமையல் உப்பேதான். இரும்போடு அதற்கு எந்தச் சண்டையும் இல்லை. சலாம் போட்டுவிட்டுத் தாண்டிப் போய்விடும். அப்பா வெட்டிய கிணற்றைக் கெடுத்தது அந்த உப்புத்தான். ராணிப்பேட்டைக் குரோமியக் குவியலுக்கு யோசிக்கக்கூடிய சுவர், திண்டுக்கல் உப்புக்கு ஒரு பிரயோஜனமும் இல்லை. அங்கே உப்பு பூமிக்குள் இறங்காமல் தடுப்பதும், இறங்கியதை இறைத்துச் சுத்தம் செய்வதும், நல்ல மழை வருஷங்களில் கண்மாயை நிரப்பிக் கொஞ்சம் கொஞ்சமாக அலசி விடுவதும்தான் வழி. விளம்பரம் செய்ய முடியாத, மெதுவான வழி. அதனால்தான் யாரும் மேடையில் சொல்வதில்லை போலும்.

அப்படியானால் மாடலே வேண்டாம் என்கிறாயா என்று கேட்பீர்கள். இல்லை. மாடல் வேண்டும். ஆனால் மாடலைப் பார்த்துக் கை தட்டுவதற்கு முன் மூன்று கேள்வி கேட்க வேண்டும் என்கிறேன். படத்தின் ஓரம் எங்கே முடிகிறது? நான் போட்ட மாடலில் ஓரத்தை நானேதான் முடிவு செய்தேன். 40-வது கட்டத்துக்கு அப்பால் இருக்கும் கிணறு என் கணக்கிலேயே இல்லை. ஒரு கம்பெனிக்காகப் போடுகிற மாடலிலும் ஓரத்தை யாரோ ஒருவர்தான் முடிவு செய்கிறார். ஏழைக் குடியானவரின் கிணறு ஓரத்துக்கு உள்ளே வருமா, வெளியே போகுமா என்பது விஞ்ஞானம் மட்டும் அல்ல. அடுத்தது, எந்த மாதத்தில் அளந்தது? ஐப்பசி, கார்த்திகை மழையில் கண்மாய் நிறைந்திருக்கும்போது தண்ணீர் கண்மாயிலிருந்து வயல் கிணற்றுக்குப் போகிறது. சித்திரை, வைகாசியில் நாலு பெரிய மோட்டார் ஓடுகிற தோப்புப் பக்கம் இழுத்துக்கொண்டு போகும். மார்கழியில் அளந்து கட்டிய சுவருக்கு வைகாசியில் தண்ணீர் முதுகுப் பக்கமாக வரலாம்! கடைசியாக, எத்தனை கிணற்றில் அளந்தது? இதுதான் எல்லாவற்றிலும் முக்கியம். அளவு இல்லாத இடத்தைக் கம்ப்யூட்டர் தானாக நிரப்பிவிடும். நிரப்பியது எது, அளந்தது எது என்று படத்தைப் பார்த்துக் கண்டுபிடிக்க முடியாது.

யார் அளப்பது? ஐதராபாத்திலிருந்து விஞ்ஞானிகள் மாதாமாதம் வர முடியாது. அரசாங்கத்தின் கண்காணிப்புக் கிணறு ஊருக்கு ஊர் கிடையாது. நாம் அளக்கலாம் என்பதுதான் என் அபிப்பிராயம். கோபித்துக்கொள்ளாதீர்கள், நம்முடைய ஃபைனல் இயர் புராஜெக்ட் எப்படி நடக்கிறது? போன வருஷத்து அண்ணன்களின் புத்தகத்தை வாங்கி, அடுக்குமாடிக் கட்டடத்தின் பிளானில் மாடி எண்ணிக்கையை மட்டும் மாற்றி, ஜெராக்ஸ் கடையில் பைண்டிங் போட்டு, தங்க எழுத்தில் பெயர் அச்சடித்துக் கொடுத்துவிடுகிறோம். அதற்கு ஆகும் செலவு என் அப்பாவுக்கு மூன்று நாள் கூலி. வைவா முடிந்ததும் அது அலமாரிக்குப் போகிறது. அதற்குப் பதில் நாலு பேர் சேர்ந்த ஒரு குழு, ஒரு ஊரின் பத்துக் கிணற்றை வருஷத்துக்கு இரண்டு தடவை அளந்தால் என்ன? அவனியாபுரம் பக்கம் வெள்ளைக்கல்லில் நம் மாநகராட்சியின் குப்பை எத்தனையோ வருஷமாகக் குவிந்து வந்திருக்கிறது. அதன் கீழே தண்ணீர் எந்தப் பக்கம் போகிறது என்று நம்மில் யாராவது யோசித்திருக்கிறோமா? அங்கிருந்தே தொடங்கலாம்.

வேலை ஒன்றும் கஷ்டமில்லை. டேப்பின் நுனியில் சாக்பீஸ் தடவிக் கிணற்றுக்குள் விட்டால், நனைந்த இடம் வரை தெரியும், ஆழம் கிடைத்துவிடும். கைப்பிடிச் சுவரின் மட்டத்தை ஆட்டோ லெவலில் எடுக்க வேண்டும். இதை விட்டுவிட்டால் எல்லாம் வீண். உதாரணமாக, முதல் கிணற்றுச் சுவரின் மட்டம் 100.00, தண்ணீர் 8.40 மீட்டர் கீழே, நீர்மட்டம் 91.60. இரண்டாவது 99.20-ல் 8.20 கீழே, 91.00. மூன்றாவது 101.10-ல் 10.70 கீழே, 90.40. மேட்டில் இருக்கும் மூன்றாவது கிணற்றில்தான் நீர்மட்டம் ஆகத் தாழ்வு! தண்ணீர் பள்ளத்தை நோக்கி ஓடும் என்று மேல் மண்ணைப் பார்த்துச் சொல்லியிருந்தால் தப்பாகிப் போயிருக்கும். முதல் கிணற்றுக்கும் மூன்றாவதுக்கும் ஒரு கோடு போட்டால் அதன் சரிபாதியில் 91.00 வரும். அந்தப் புள்ளியை இரண்டாவது கிணற்றோடு சேருங்கள். அந்தக் கோட்டுக்குச் செங்குத்தாக, தாழ்ந்த மட்டத்தைப் பார்த்து ஒரு அம்பு போடுங்கள். அங்கேதான் தண்ணீர் போகிறது. மூன்று கிணறு, ஒரு லெவல், ஒரு டேப், ஒரு சாக்பீஸ். அதோடு ஒவ்வொரு கிணற்றிலும் ஒரு பாட்டில் தண்ணீர் எடுத்து வந்தால், நம்ம என்விரான்மென்டல் லேப்பிலேயே உப்பு எவ்வளவு என்று பார்த்துவிடலாம்.

பாறை வெடிப்பு இருக்கும் இடத்தில் மூன்று கிணறு போதாது என்பது எனக்குத் தெரியும். முப்பது இருந்தால்கூடச் சில வெடிப்புகள் தப்பிப்போகும். ஆனால் நாலு வருஷம், ஐந்து வருஷம் நாலைந்து குழுக்கள் தொடர்ந்து அளந்து ஒரே நோட்டில் எழுதி வைத்தால், நாளைக்கு ஒருவர் கலர்ப் படத்தோடு மேடை ஏறும்போது, "சார், அந்தக் கட்டத்தில் வைகாசி மாசம் நாங்க அளந்த மட்டம் இது, உங்க படத்தில் வேற மாதிரி இருக்கே" என்று எழுந்து கேட்க முடியும். கேட்கிற கேள்வியில் நம்பர் இருந்தால் அவர்களும் சும்மா சிரித்துவிட்டு உட்கார்ந்துவிட முடியாது.

பேரவைப் பொறுப்பாளர்களிடம் என் கோரிக்கை இரண்டு. இந்த அளவுகளைப் புராஜெக்டாக ஏற்றுக்கொள்ளும்படி துறைத் தலைவரிடம் எடுத்துச் சொல்லுங்கள். அந்த நோட்டைப் பத்திரமாக வைக்க நம் நூலகத்தில் ஒரு இடம் வாங்கிக் கொடுங்கள். முதல் அளவைக் கண்மாய் நிறைந்திருக்கும் மார்கழியில் எடுக்கலாம், அடுத்ததை அக்னி நட்சத்திரத்தில்.

கிணற்றுக்காரர்கள் உள்ளே விடுவார்களா என்று ஒரு தோழி கேட்டாள். அப்பாவிடம் கேட்டேன். "பாதிக் கிணறு நான் வெட்டுனதுதான், விடாம என்ன? எந்தக் கிணத்துல படி சரியா இருக்கும், எதுல இறங்கக் கூடாதுனும் எனக்குத் தெரியும். ஞாயித்துக்கெழமைன்னா நானே வர்றேன்" என்றார். வர விரும்புகிறவர்கள் சர்வே லேப் நோட்டீஸ் போர்டில் பெயர் எழுதுங்கள்.